லண்டன் குதிரை லாயம் டு வண்டலூர்: குட்டி ஸ்போர்ட்ஸ் காரின் சக்கரத்துக்குள் ஒரு மெட்ராஸ் கதை!

லண்டனுக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களின் திட்டத்தில் ஹைகேட் முருகன் கோயிலுக்கு எப்படியும் அரை நாள் ஒதுக்கியிருப்பார்கள். ஆர்ச்வே ரோட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கி, குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டே உள்ளே போய், விபூதி பூசிக்கொண்டு வெளியே வந்ததும் பெரும்பாலானோர் டியூப் ரயில் பிடித்து மத்திய லண்டனுக்குத் திரும்பிவிடுவார்கள். கூட்டத்தில் கார் பைத்தியம் பிடித்த பிள்ளை ஒன்று இருந்தால் மட்டும், திரும்பாமல் கிழக்கே இன்னும் மூன்று கிலோமீட்டர் போகலாம். ஹார்ன்சி என்கிற பேட்டை வரும்.

வரிசையாகச் செங்கல் வீடுகள், ஒரு ரயில் நிலையம், அதை ஒட்டி டாட்டன்ஹாம் லேன் என்ற தெரு. போட்டோ எடுக்கும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் 1950-களில் இந்தத் தெருவில் ரயில்வே ஹோட்டல் என்று ஒரு மதுக்கூடம் இருந்தது. அதன் பின்னால் பழைய குதிரை லாயம். ஹோட்டலை நடத்தியவர் பெயர் ஸ்டான் சாப்மேன். அந்த லாயத்தைத் தன் மகனுக்கு விட்டுக்கொடுத்தார். மகன் காலின் சாப்மேன், 1952 ஜனவரியில் அங்கே ஒரு கம்பெனியைத் தொடங்கினார். முதலீடு, காதலி ஹேஸல் கடனாகக் கொடுத்த 25 பவுண்டு. அந்தக் கம்பெனிதான் பிற்காலத்தில் ஃபார்முலா ஒன் பந்தயங்களைக் கலக்கிய லோட்டஸ்!

சாப்மேன் படித்தது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிங். பாலம், கட்டடம் கட்டுகிற படிப்பு. கம்பெனி தொடங்கிய பிறகும் பகலில் ஓர் அலுமினியம் நிறுவனத்தில் வேலை, ராத்திரியில் லாயத்தில் கார் வேலை. அதற்கும் முன்பு, 1948-ல், பக்கத்துப் பேட்டையான மஸ்வெல் ஹில்லில் ஹேஸலின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் ஒரு பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்து முதல் காரைச் செய்திருந்தார். வருங்கால மருமகன் வீட்டுப் பின்புறத்தில் இரவெல்லாம் சுத்தியல் தட்டினால் நம்மூர் மாமனார் என்ன சொல்வார் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விட்டுவிடலாம்.

பெட்டியில் வந்த கார்

1957-ல் வந்தது லோட்டஸ் செவன். கதவு இல்லை, கூரை இல்லை. இரண்டு பேர் உட்காரலாம், காலை நீட்டினால் இன்ஜினுக்குப் பக்கத்தில் போய்விடும். இரும்புக் குழாய்களை வைத்துக் கூடுபோலக் கட்டிய சட்டகம், அதன் மேல் அலுமினியத் தகடு. மொத்த எடை 500 கிலோவை ஒட்டித்தான் வரும். நம் வீடுகளில் இருந்த பழைய மாருதி 800-ஐவிடவும் இது குறைவு. 1967-ல் இங்கிலாந்து டிவியில் வந்த ‘தி பிரிஸனர்’ தொடரின் தொடக்கக் காட்சியில் நாயகன் லண்டன் தெருக்களில் ஓட்டி வருவது இந்த செவனைத்தான். அதன்பிறகு இந்தக் காருக்கு வேறு விளம்பரமே தேவைப்படவில்லை.

இந்த காரை பலரும் காராக வாங்கவில்லை, பெட்டிகளில் பாகங்களாக வாங்கினார்கள். முழு காருக்கு அங்கே அப்போது கொள்முதல் வரி உண்டு; பாகங்களாக வாங்கி வீட்டில் நாமே பூட்டிக்கொண்டால் வரி இல்லை. பூட்டுவதற்கான கையேடு கொடுக்கக் கூடாது என்று சட்டம் சொன்னதால், லோட்டஸ் ‘பிரிப்பதற்கான’ கையேடு கொடுத்ததாகவும், வாங்கியவர்கள் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்து காரைப் பூட்டியதாகவும் ஒரு கதை இன்றைக்கும் கார் ரசிகர்களிடையே சிரிப்போடு உலவுகிறது.

விளைவு என்னவென்றால், செவன் வைத்திருப்பவர்களில் பலருக்கு அதன் ஒவ்வொரு நட்டும் தெரியும். வீட்டு ஷெட்டில் பிறந்த கார், வீட்டு ஷெட்டிலேயே வைத்தியம் பார்க்கப்படுகிறது. 1973-ல் வரிமுறை மாறியது, பெட்டி காருக்கு இருந்த சலுகையும் போனது. அதே ஆண்டு செவனைத் தயாரிக்கும் உரிமையை சர்ரே மாவட்டத்தில் கேட்டர்ஹாம் என்ற சிற்றூரில் கார் விற்றுக்கொண்டிருந்த கிரஹாம் நெர்ன் வாங்கினார். ஊரின் பெயரே காரின் பெயரானது. கேட்டர்ஹாம் செவன் இன்றும் கென்ட் மாவட்டத்தில் டார்ட்ஃபோர்டில் தயாராகிறது. இன்றும் பெட்டிகளில் வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்ளலாம்.

குண்டு வீசும் விமானங்கள் ஓடிய தடத்தில்...

லாயத்தில் இடம் போதாமல் லோட்டஸ் 1959-ல் செஷன்ட் என்ற ஊருக்குப் போனது. அங்கும் போதாமல் 1966-ல் நார்ஃபோக் மாவட்டத்தில் ஹெத்தல் என்ற கிராமத்துக்கு வந்து சேர்ந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து நார்விச் வரை ரயில், அங்கிருந்து சாலை வழியே கொஞ்ச தூரம். வழியெல்லாம் தட்டையான நிலம், வேலிச்செடிகள், ஒரு வண்டி போனால் எதிர் வண்டி ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள். ஹெத்தலில் முதலில் பார்க்க வேண்டியது காரையல்ல, ஒரு மரத்தை. தேவாலயத்துக்கு அருகே கிளைகள் முறுக்கி, தரையோடு சாய்ந்து, முட்டுக்கொடுத்த கிழவிபோல் நிற்கிறது ஒரு முள்மரம். 700 வயது என்று சொல்கிறார்கள். அந்த ஒற்றை மரத்துக்காகவே ஓர் இயற்கைக் காப்பிடம் அறிவித்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் மிகச் சிறிய காப்பிடங்களில் அதுவும் ஒன்று.

அந்த அமைதிக்கு நடுவே திடீரென்று தூரத்தில் ஓர் இன்ஜின் உறுமும். லோட்டஸின் சோதனைத் தடம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க விமானப்படையின் 389-வது குண்டுவீச்சுப் பிரிவு இங்கிருந்துதான் ‘லிபரேட்டர்’ விமானங்களில் ஜெர்மனிக்குப் பறந்தது. போர் முடிந்து கைவிடப்பட்ட ஓடுபாதைகளைத்தான் லோட்டஸ் சுமார் மூன்றரை கிலோமீட்டர் தடமாக மாற்றிக்கொண்டது. வீரர்கள் தொழுகை நடத்திய பழைய கட்டடம் இப்போது சின்ன மியூசியம். சுவரில் அவர்கள் காலத்து ஓவியங்கள் அப்படியே இருக்கின்றன. எல்லா நாளும் திறந்திருக்காது, விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

விமானத் தளம் பந்தயத் தடமான கதை நமக்கும் புதிதல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்கால ஓடுபாதையில்தான் பல ஆண்டுகள் கார், பைக் பந்தயங்கள் நடந்தன. இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்த பிறகே அது ஓய்ந்தது. சென்னைக்காரர் கருண் சந்தோக் 2011 ஜெர்மன் கிராண்ட் ப்ரீயில் ஓட்டியதும் லோட்டஸ் பெயரைத் தாங்கிய அணிக்காகத்தான். அந்த அணியின் இருப்பிடமும் இதே நார்ஃபோக்கில் உள்ள ஹிங்ஹாம். ஆனால், லோட்டஸுக்கும் சென்னைக்குமான பழைய உறவு அதற்கு ஐம்பது வருடங்களுக்கு முன்பே, சாதாரணக் குடும்பக் கார் ஒன்றின் வழியே தொடங்கிவிட்டது. அதைப் பார்க்க செவனின் முன் சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.

சக்கரத்துக்குள் என்ன இருக்கிறது?

சாப்மேன் எல்லாவற்றையும் தானே செய்யவில்லை. செய்யக் காசும் இல்லை. கடையில் கிடைக்கும் சாதாரண கார்களின் பாகங்களில் எது இலகுவோ அதை எடுத்துக்கொண்டார். முன் சக்கரத்தைத் தாங்கி நிற்கும் செங்குத்தான இரும்புத் தூண், அதிலிருந்து நீளும் அச்சு, அதன் மேல் சுழலும் ஹப்... செவனுக்கு இவை வந்தது ட்ரையம்ப் ஹெரால்டு என்ற குடும்ப காரிலிருந்து. கோவென்ட்ரி நகரில் 1959-ல் பிறந்த கார் அது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி. ஹெரால்டின் முன்பக்கத் தூண் அளவில் சிறியது, எடையில் குறைவு, விலையில் மலிவு. அந்தக் காலத்து இங்கிலாந்துப் பந்தயக் கார்களில் பலவற்றின் முன் சக்கரமும் இதில்தான் நின்றது.

ஹப்பைக் கழற்றினால் உள்ளே இரண்டு பேரிங். உள்பக்கம் பெரியது, வெளிப்பக்கம் சிறியது. இரண்டும் டேப்பர் ரோலர் வகை. அதாவது, உள்ளே உருளும் உருளைகள் ஒரு முனையில் ஒல்லியாக, கூம்பைப்போல் இருக்கும். ஹென்றி டிம்கன் என்ற குதிரை வண்டி செய்பவர் 1898-ல் காப்புரிமை வாங்கிய யோசனை. வண்டி நேராகப் போகும்போது சக்கரத்தின் மேல் பாரம் மேலிருந்து கீழே அழுத்தும். வளைவில் திரும்பினால் பக்கவாட்டிலும் தள்ளும். இரண்டையும் ஒரே பேரிங் தாங்க வேண்டும் என்றால் உருளை சரிவாக இருக்க வேண்டும். ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு வைத்தால் எந்தப் பக்கம் தள்ளினாலும் தாங்கும்.

அந்த இரண்டு பேரிங்குக்கும் பின்னால், காரின் உள்பக்கத்தைப் பார்த்தபடி ஒரு வளையம். ஒரு தகட்டுக் கிண்ணத்தில் ஒட்டிய தடித்த கம்பளித் துணி. ஃபெல்ட் என்பார்கள். நூலாக நெய்யாமல், கம்பளி இழைகளை அழுத்தியே செய்வது. வீட்டில் ஆர்மோனியம் இருந்தால் கட்டைகளைத் தூக்கிப் பாருங்கள், அடியில் இதே சாதி துணி இருக்கும். சில பவுண்டு விலையுள்ள இந்த வளையத்துக்கு இரண்டு வேலை. உள்ளே இருக்கும் கிரீஸை வெளியே விடக் கூடாது. வெளியே இருக்கும் தண்ணீரையும் தூசியையும் உள்ளே விடக் கூடாது.

மற்ற கார்களில் சக்கரத்தைச் சுற்றி உடலும் மட்கார்டும் மறைப்பாக இருக்கும். செவனின் முன் சக்கரங்களோ வண்டிக்கு வெளியே, சைக்கிள் மட்கார்டு மாதிரி ஒன்றை மட்டும் போர்த்திக்கொண்டு நிற்கின்றன. மழை அடித்தால் நேரே அதில்தான். இன்னொரு தொல்லை, குளிர்காலம். பலர் இந்த காரை வெயில் காலத்தில் மட்டும் எடுப்பார்கள். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும்போது ஃபெல்ட் காய்ந்து அட்டைபோல் விறைத்துவிடும். முதல் மழைப் பயணத்தில் தண்ணீர் உள்ளே புகுந்து உருளைகளில் துரு பிடிக்கும். மறுபக்கம், பிரேக் சூட்டில் இளகிய கிரீஸ் கசிந்து வெளியே வரும். அது போய் உட்காருமிடம் பிரேக் டிஸ்க். கிரீஸ் பட்ட பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சீல் போன விஷயம் சத்தம் போட்டு வராது. சக்கரத்தின் உள்விளிம்பில் கறுப்பாகக் கதிர் கதிராகக் கோடுகள் தெரியும், அவ்வளவுதான். அதைத் துடைத்துவிட்டு விட்டுவிடுபவர்களும் உண்டு. பேரிங் கெட்டுப்போய் வண்டி வேகமெடுக்கும்போது ‘ஊம்ம்ம்’ என்று ஒரு முனகல் கிளம்பிய பிறகுதான் பதறுவார்கள். சென்னை ஒர்க் ஷாப்பிலும் அந்தக் கட்டத்தில்தான் “வீல் பேரிங் சவுண்டு வருது சார்” என்று மெக்கானிக் சொல்வார்.

ஒரு சனிக்கிழமை வேலை

சீல் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. ஒரு சனிக்கிழமை காலை போதும். ஆனால், பொறுமை வேண்டும்.

காரை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடுவது எந்த ஊரிலும் முட்டாள்தனம். சக்கரத்தைக் கழற்றியதும் டிஸ்க் பிரேக்கைப் பிடித்திருக்கும் காலிப்பர் தெரியும். இரண்டு போல்ட்டைக் கழற்றினால் அது வந்துவிடும். அதை பிரேக் ஹோஸில் தொங்கவிடக் கூடாது. ஒரு கம்பியால் சட்டகத்தில் கட்டித் தூக்கிவைக்க வேண்டும். ஹோஸ் உள்ளுக்குள் கிழிந்தால் வெளியே தெரியாது.

அடுத்து ஹப்பின் நடுவே இருக்கும் கிரீஸ் மூடி. அதை நெம்பி எடுத்தால், கோட்டைச் சுவர்போல் பற்கள் வெட்டிய நட்டும், அதன் குறுக்கே ஒரு ஸ்பிலிட் பின்னும் தெரியும். பின்னை நிமிர்த்தி இழுத்து, நேராகக் குப்பையில் போட்டுவிட வேண்டும். பழைய பின்னை மறுபடி மாட்டுவது, நாலணா மிச்சம் பிடிக்கச் சக்கரத்தை அடகு வைக்கிற கதை. நட்டைக் கழற்றினால் ‘டி’ வடிவத்தில் ஓட்டை போட்ட ஒரு வாஷர். அதற்கு ஏன் வட்ட ஓட்டை இல்லை? பேரிங் சுழலும்போது வாஷரும் கூடவே சுழன்று நட்டைத் தளர்த்திவிடாமல் இருக்க! வடிவமைத்தவரின் மூளையைப் பாராட்டத் தோன்றும் இடம் அது.

ஹப்பை வெளியே இழுத்தால் வெளிப் பேரிங் கையில் வந்து விழும். இரண்டு பேரிங்கையும் மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் உருளைகளைப் பார்க்க வேண்டும். நீலம் பாய்ந்திருந்தால் சூடேறிக் கெட்டது. அம்மைத் தழும்புபோல் குழிகள் இருந்தால் தண்ணீர் புகுந்து கெட்டது. இரண்டில் எது இருந்தாலும் சீலோடு பேரிங்கையும் மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது ஹப்புக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும் வெளிவளையத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். உருளையும் வளையமும் ஒன்றுக்கொன்று தேய்ந்து பழகியவை. ஜோடி மாற்றினால் ஒத்துப்போகாது.

புது ஃபெல்ட்டை அப்படியே மாட்டக் கூடாது. இன்ஜின் ஆயிலில் ஊறவைத்துப் பிழிய வேண்டும், வீட்டில் பணியாரத்துக்குத் துணியில் எண்ணெய் தொட்டுக்கொள்வதைப்போல. காய்ந்த ஃபெல்ட் முதல் சுற்றிலேயே கருகிப்போகும். கம்பளிப் பக்கம் காரின் உள்புறம் பார்க்க வேண்டும். பிற்காலக் கார்களில் ஃபெல்ட்டுக்குப் பதிலாக ரப்பர் உதடு வைத்த ஆயில் சீல் வந்துவிட்டது. அதில் உதட்டில் லேசாக கிரீஸ் தடவி, கோணாமல் சுற்றிலும் தட்டி இறக்க வேண்டும். ஒரு பக்கமாக அடித்தால் உதடு மடங்கி, போட்ட வேலை வீண்.

பேரிங்கில் கிரீஸ் அடைப்பதை உள்ளங்கையில்தான் செய்ய வேண்டும். இடது உள்ளங்கையில் ஒரு கட்டி கிரீஸ், வலது கையில் பேரிங். பேரிங்கின் அகன்ற விளிம்பால் கிரீஸை வழித்து வழித்து அழுத்த, உருளைகளுக்கு இடையே புகுந்து மறுபக்கம் புழுபோல் எட்டிப்பார்க்கும். சுற்றிலும் அப்படி எட்டிப்பார்த்தால்தான் நிறைந்தது என்று அர்த்தம். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்தால் இந்த ஒரு வேலையை மட்டும் கேட்டு வாங்கிச் செய்வார்கள். ஆனால் ஆசையில் ஹப் முழுக்க, மூடி முழுக்க கிரீஸை நிரப்பக் கூடாது. சூட்டில் அது விரிந்து, புது சீலையே தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

கடைசியாக நட்டை இறுக்குவது. புதிதாகச் செய்பவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். நட் என்றால் இறுக்கத்தானே என்று முழு பலத்தையும் காட்டுவார்கள். டேப்பர் பேரிங்கில் அது ஆபத்து. ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை மெதுவாக இறுக்கி, உருளைகள் உட்கார்ந்ததும் ஒரு பல் அளவு பின்னுக்குத் தளர்த்த வேண்டும். “ஃபுல் டைட் வைக்காதீங்க தம்பி, லேசா ப்ளே இருக்கணும்” என்பது நம்மூர் மூத்த மெக்கானிக்குகள் சின்னப் பையன்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒன்று. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கண்ணுக்குத் தெரியக் கூடாது, விரலுக்கு மட்டும் தெரிய வேண்டும். பிறகு புது ஸ்பிலிட் பின், மூடி, காலிப்பர், டிஸ்க்கைத் துடைத்துச் சுத்தம்.

சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, புறங்கையை ஹப்பின் நடுவே மெல்ல வைத்துப் பார்ப்பார்கள். வெதுவெதுப்பு என்றால் சரி. கையை இழுத்துக்கொள்ளும் சூடு என்றால் நட் இறுகிவிட்டது, மறுபடி ஜாக்கி.

சக்கரம் கழன்ற நாள்

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். 1960 ஜூன் மாதம், பெல்ஜியத்தில் ஸ்பா தடம். ஃபார்முலா ஒன் பயிற்சி ஓட்டம். லோட்டஸ் 18 காரில் வந்துகொண்டிருந்தார் ஸ்டிர்லிங் மாஸ். அன்றைய இங்கிலாந்தின் முதல் வரிசை வீரர். அதிவேக வளைவு ஒன்றில் பின் சக்கரம் ஒன்று ஹப் பகுதி உடைந்து தனியே கழன்று ஓடியது. மாஸ் காரிலிருந்து தூக்கி வீசப்பட்டார். இரண்டு கால்களும் முறிந்தன, முதுகெலும்பிலும் முறிவு. இரண்டே மாதத்தில் மறுபடி பந்தயத்துக்கு வந்தார் என்பது தனிக் கதை.

அது பந்தயக் கார், பின் சக்கரம், உலோகம் முறிந்த விபத்து. சீல் தேய்ந்ததால் வந்ததல்ல. ஆனால், சாப்மேனின் கார்களை ஓட்டியவர்களுக்கு அந்தப் பயம் எப்போதும் இருந்தது. எடையைக் குறைத்தால் வேகம் தானாக வரும் என்பது அவர் நம்பிக்கை. பந்தயத்தில் அது பலமுறை நிரூபணமும் ஆனது. கூடவே, ஒவ்வொரு பாகமும் தேவையான அளவுக்கு மட்டுமே பலமாக இருக்கும். கனமான காரில் ஒரு பாகம் கொஞ்சம் தேய்ந்தால் இன்னொன்று ஈடுகட்டும். செவனில் அப்படி ஈடுகட்ட ஆளில்லை. அதனால்தான் அந்தக் கறுப்புக் கோடுகளைத் துடைத்துவிட்டுப் போகிற ஆளிடம் இந்த காரைக் கொடுக்கக் கூடாது என்கிறார்கள்.

இனி, ஜி.எஸ்.டி. ரோடு

செவனுக்கு முன் சக்கரம் கொடுத்த அதே ஹெரால்டு, இங்கே பிறந்தபோது அதற்குப் பெயர் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு.

வண்டலூர் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு உயிரியல் பூங்கா, கிளாம்பாக்கம் பஸ் நிலையம். அவர்களுடைய தாத்தாக்களுக்கு அது கார் தொழிற்சாலை. கோவென்ட்ரியின் ஸ்டாண்டர்ட் கம்பெனியோடு கூட்டு சேர்ந்து 1948-ல் உருவான ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி வண்டலூர்ப் பக்கம் தன் ஆலையை நடத்தியது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் கம்பெனிதான் ட்ரையம்ப்பையும் வைத்திருந்தது. அதனால் ட்ரையம்ப் ஹெரால்டு 1961-ல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டாக இங்கே வெளிவந்தது. அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு: அந்தக் காலத்தில் புது கார் வேண்டும் என்றால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

மூன்றில் ஹெரால்டு தனி ரகம். பானெட் மட்டும் திறக்காது. முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, முன்னால் சாயும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் காரைத் திருப்பிவிடலாம், மயிலாப்பூர் சந்துக்கு இதைவிட என்ன வேண்டும்! முதலில் இரண்டு கதவு. புடவை கட்டிய பாட்டி பின் சீட்டுக்கு ஏறுவது எப்படி என்ற கேள்வி இங்கிலாந்தில் எழவில்லை, இங்கே எழுந்தது. 1968-ல் வண்டலூரிலிருந்து நான்கு கதவு ஹெரால்டு வந்தது. கோவென்ட்ரியில் அப்படி ஒன்றை விற்கவே இல்லை.

ஆக, ஹார்ன்சி லாயத்தில் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் காரின் முன் சக்கரமும், மாம்பலத்தில் பாட்டியைக் கோயிலுக்கு அழைத்துப்போன காரின் முன் சக்கரமும் ஒரே குடும்பம். தூண், அச்சு, இரண்டு டேப்பர் பேரிங், பின்னால் ஒரு கம்பளி வளையம். மாடலுக்கு மாடல் அளவில் சின்னச் சின்ன மாற்றம் இருக்கும், அமைப்பு ஒன்றே. வண்டலூர் காரில் சீல் மாற்றக் கற்ற ஒரு மெக்கானிக்கிடம் நார்ஃபோக் செவனைக் கொண்டுவந்து நிறுத்தினால், சக்கரத்தைக் கழற்றியதும் அவருக்கு எல்லாம் தெரிந்த முகமாகத்தான் இருக்கும்.

அந்தக் கைகள்தான் குறைந்துகொண்டு வருகின்றன. இங்கிலாந்தில் ஹெரால்டு 1971-ல் நின்றது. இங்கே அதன் வழித்தோன்றலான கஸெல் 1970-களில் சில ஆண்டுகள் ஓடியது. 1985-ல் பெரிய ஆசையோடு வந்த ஸ்டாண்டர்ட் 2000 எடுபடவில்லை. 1988-ல் உற்பத்தி நின்றுபோனது. இன்று ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்தப் பக்கம் போனால் அடுக்குமாடிகளும் அலுவலக வளாகங்களும்தான். இங்கே ஒரு கார் தொழிற்சாலை இருந்தது என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

கார்கள் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. சென்னையில் நடக்கும் பழைய கார் ஊர்வலங்களில் ஒரு ஹெரால்டாவது பளபளவென்று வந்து நிற்கும். அதை ஓட வைப்பது தனிப் போராட்டம். பேரிங் கிடைத்துவிடும், அது அளவு எண்ணை வைத்து வாங்குகிற பொருள். சீலுக்குத்தான் அலைச்சல். புதுப்பேட்டைக் கடைகளில் பழைய ஸ்டாக் எங்காவது தேறினால் அதிர்ஷ்டம். அதுவும் பல ஆண்டுகள் உறையில் கிடந்து விறைத்த ஃபெல்ட்டாக இருக்கலாம். இங்கிலாந்தில் ட்ரையம்ப் கார்களுக்கென்றே உதிரிபாகம் விற்பவர்கள் இருப்பதால் அங்கிருந்து வரவழைக்கலாம். செவன்காரர்களும் ஸ்பிட்ஃபயர்காரர்களும் இன்னும் வாங்கிக்கொண்டே இருப்பதால்தான் அந்த வளையம் இன்றும் தயாராகிறது. வண்டலூர் காரின் சக்கரம் சுற்றுவதற்கு, எங்கோ நார்ஃபோக் மழையில் ஒருவர் தன் குட்டி காரை விடாமல் ஓட்டிக்கொண்டிருப்பதும் ஒரு காரணம்.

அதற்கும் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் தடித்த ஃபெல்ட் ஷீட் ஒன்றை வாங்கி, பழைய கிண்ணத்தை மேலே வைத்துக் கோடு போட்டு, கத்தரியால் வட்டமாக வெட்டிக்கொள்கிறார்கள். கிண்ணத்தில் ஒட்டிக் காயவைத்து, ஆயிலில் ஊறவைத்துப் பிழிந்து மாட்டினால் போதும். ஜாக்கியில் நிற்கும் ஹெரால்டின் முன் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பார்கள். உள்ளே உருளைகள் உருள்கிற சத்தம் கேட்கக் கூடாது. கிரீஸில் வழுக்குகிற மெல்லிய ‘ஸ்ஸ்’ மட்டும்தான் கேட்க வேண்டும்.